நிக்ஸி விளக்குகளும் நாற்பத்தெட்டரை சைக்கிளும்

எண் காட்டாத சாமான் இப்போது வீட்டில் ஏதாவது இருக்கிறதா? செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, குக்கர் வைக்கிற இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாமே எண் காட்டுகின்றன. எல்லாவற்றிலும் அதே ஏழு கோடுகள்தான். எட்டைப் போட்டுவிட்டு, வேண்டாத கோட்டை அணைத்தால் மற்ற எண்கள். சிக்கனமான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுபதுகளில் ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எண் என்றால் அவர்கள் கண்ணுக்கு வருவது வேறு. கண்ணாடிக் குமிழுக்குள்ளே, விளக்குத் திரி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் வளைந்து நெளிந்து எரியும் எண். அதுதான் நிக்ஸி.

இதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய வால்வு ரேடியோவின் வால்வு மாதிரியே ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே மெல்லிய கம்பித் தகட்டில் வெட்டிய பத்து எண்கள், 0 முதல் 9 வரை, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். முன்னால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வலை. அந்த வலைதான் ஆனோடு, பத்து எண்களும் பத்து கேத்தோடுகள். வலைக்கு பிளஸ், வேண்டிய எண்ணுக்கு மைனஸ் கொடுத்தால், அந்த எண்ணைச் சுற்றி மட்டும் நியான் வாயு ஒளிரும். எண்கள் 1, 2, 3 என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருக்காது. ஒன்றை ஒன்று அதிகம் மறைக்காதபடி மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். அதனால் எண்ண ஆரம்பித்தால் எண் முன்னே வரும், பின்னே போகும். மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். எல்.இ.டி.யில் இந்த அழகு கிடையாது.

அமெரிக்காவில் ஹைடு சகோதரர்கள் என்ற சிறிய வால்வுக் கம்பெனி இதை உருவாக்கியது. அந்தக் கம்பெனியை பர்ரோஸ் நிறுவனம் வாங்கி, 1955இல் குழாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘எண் காட்டும் சோதனைக் குழாய் நம்பர் ஒன்று’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் நிக்ஸி ஆனது என்பார்கள். எழுபதுகளில் எல்.இ.டி. மலிவானதும் அங்கே இது ஓய்ந்தது. சோவியத் நாட்டில் மட்டும் எண்பதுகள் தாண்டியும் செய்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க பொழுதுபோக்குக்காரர்கள் வாங்குவது பெரும்பாலும் அந்த மிச்சச் சரக்குதான். செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி என்பவர் பழைய முறையைத் தானே கற்றுக்கொண்டு புதிதாகச் செய்து விற்கிறார். விலையைக் கேட்டால் நமக்கு நியான் ஒளி கண்ணிலேயே தெரியும்.

இதை ‘வாக்யூம் டியூப்’ என்று பலரும் சொல்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது தப்பு. உள்ளே வெற்றிடம் இல்லை, குறைந்த அழுத்தத்தில் நியான் இருக்கிறது. பிந்தைய குழாய்களில் துளி பாதரசமும் உண்டு. எண்ணைச் சுற்றி லேசாக நீலப் புகை மாதிரி தெரிவது அதனால்தான். உடைந்தால் வெறுங்கையால் பெருக்காதீர்கள். உண்மையான வெற்றிடக் குழாய் வேண்டுமென்றால் பழைய வி.சி.ஆரில் நேரம் காட்டிய பச்சை-நீல எண்கள் இருக்கிறதே, அது. அறுபதுகளின் கடைசியில் ஜப்பானில் பிறந்தது. அதில் இழை சூடாகி எலக்ட்ரான் விடும், அது பாஸ்பரத்தில் மோதி ஒளிரும். இருபது முப்பது வோல்ட்டில் வேலை முடிந்துவிடும். நிக்ஸி அப்படியல்ல. அது கேட்பது 170 வோல்ட்.

சரி, எழுபது வயதுக்கு மேல் எனக்கு இந்த வம்பு எதற்கு என்று கேட்பீர்கள்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். எங்கள் பேராசிரியர் ஒருவர் 1980 வாக்கில் தன் கையாலேயே ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டர் செய்தார். அலுமினியப் பெட்டி, முன்னால் ஆறு நிக்ஸி. குழாய்கள் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய கருவி விற்கிறவரிடம் வாங்கியவை. ஐ.சி.க்கள் ரிச்சி தெருவில். பெட்டிக்குத் துளை போட்டதும் ராவியதும் நான். உள்ளே பத்து லட்சம் சைக்கிள் கிரிஸ்டல் ஒன்று. அதை 7490 ஐ.சி.க்களால் பத்துப் பத்தாக வகுத்துக்கொண்டே போனால் ஆறாவதில் ஒரு செகண்டு, ஏழாவதில் பத்து செகண்டு. அந்த நேரத்துக்குள் எத்தனை அலை வந்தது என்று இன்னொரு 7490 வரிசை எண்ணும். 7475 அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 74141 எண்ணைக் குழாய்க்கு ஓட்டும். அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்த மூன்று எண்களும் ராமன், லட்சுமணன், அனுமான் மாதிரி.

அந்தக் கவுண்டரை சார் பெரும்பாலும் எதை அளக்கப் பயன்படுத்தினார் தெரியுமா? வீட்டுக் கரண்டை. நம் மின்சாரம் செகண்டுக்கு ஐம்பது சைக்கிள் என்று புத்தகத்தில் இருக்கும். எண்பதுகளில் தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லாமல் தென்னக மின்தொகுப்பே திணறிய காலம். சுமை கூடினால் ஜெனரேட்டர்கள் மெதுவாகும், சைக்கிள் இறங்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் விளக்கு மங்கும், எல்லாருக்கும் தெரியும். சைக்கிள் குறைவது கண்ணுக்குத் தெரியாது. மின்விசிறி கொஞ்சம் சோம்பும், பம்பு தண்ணீரைக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும், அவ்வளவுதான். சாருக்கு அதைப் பார்க்க ஆசை. தில்லைநகர் வீட்டின் கூடத்தில் கவுண்டரை வைத்து, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கரண்டை அதற்குள் விட்டு, தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அரை மணிக்கு ஒரு முறை எண்ணைப் பார்ப்பார். பத்து செகண்டுக் கணக்கு வைத்தால் 000485 என்று வரும். அதாவது நாற்பத்தெட்டரை.

ஒரு தடவை நான் கேட்டேன். “சார், ஒரு சைக்கிளுக்கு ஆகிற நேரத்தை அளந்தா இன்னும் துல்லியமா வருமே?”

“வரும்ப்பா. அப்புறம் ஒன்றை அதால வகுக்கணும். உங்கம்மா பாத்த உடனே எழுதணும், அவளுக்கு வகுத்தல் கணக்கெல்லாம் குடுக்க முடியாது, இட்லி மாவு ஆட்டிட்டு இருப்பா.”

எழுதியது அவர் அல்ல, அவர் மனைவி. சாருக்குக் கிறுக்கல் கையெழுத்து. அம்மா பள்ளிக்கூட டீச்சர், முத்து முத்தாக எழுதுவார்கள். நாற்பது பக்க நோட்டு, தேதி, நேரம், எண், குறிப்பு என்று நாலு கட்டம். குறிப்பில் ‘பம்பு ஏறவில்லை’, ‘மழை’, ‘கரண்ட் போய்விட்டது’, ‘தங்கை வந்தாள், பார்க்கவில்லை’ எல்லாம் இருக்கும். அப்படிப் பதினொரு நோட்டு.

சார் போய்ச் சில வருடங்கள் ஆயிற்று. போன வருடம் அம்மா கூப்பிட்டனுப்பினார்கள். வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் மகளோடு இருக்கப் போகிறார்கள்.

“தம்பி, இந்தப் பெட்டிய என்ன செய்யறது? மக வீட்டுல வைக்க இடமில்ல. காயலான் கடைக்குப் போட மனசு வரல. நீங்கதான ஓட்டை போட்டீங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க.”

கூடவே பதினொரு நோட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். “இது ஓடுமா?” என்று கேட்டார்கள். “பார்க்கிறேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதுரையில் ரேடியோ மெக்கானிக்காக இருந்த என் நண்பரிடம் போனில் சொன்னேன். அவர் உடனே, “ஆறு குழாயையும் கழட்டு. அழகா ஒரு கடிகாரம் பண்ணு. இன்னிக்கு அதுக்கு இருக்கற மவுசு உனக்குத் தெரியாதுப்பா” என்றார். தெரியும். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. நல்ல நல்ல அளவுக் கருவிகளை உடைத்துக் குழாயை உருவி, தேக்குக் கட்டையில் சொருகி மேசையில் வைக்கிறார்கள். எனக்கு அது வீணையை உடைத்துத் தந்தியில் துணி காயப்போடுகிற வேலையாகப் படுகிறது. ஆனால் ஓடாத கவுண்டரைப் பரண் மேல் வைத்திருப்பதும் பெரிய மரியாதை இல்லையே. ஓட வைக்க வேண்டும், அதுவும் குழாய்க்குச் சேதம் இல்லாமல். குழாய் மேல் அச்சிட்டிருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது. ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது.

ஆகவே அந்தப் பெட்டியை மூன்று மாதம் தொடவே இல்லை. முதலில் நான்கு ரஷ்யக் குழாய்கள் வரவழைத்தேன். ஐ.என்.-14 என்று பெயர். பதினெட்டு மில்லிமீட்டர் உயர எண். இதில் ஒரு வேடிக்கை: ஐந்து என்ற எண், இரண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததுதான். சிக்கனமோ என்னவோ. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஐந்தாகவே தெரியாது.

முதல் வேலை 170 வோல்ட்டுக்கு மேலே ஒரு சப்ளை. மெயின்ஸ் கரண்டை நேரே ரெக்டிஃபை செய்யலாம், ஆனால் எர்த்துக்கும் அதற்கும் தடுப்பு இல்லை, மேசையில் வைத்து விளையாட அது ஆகாது. பன்னிரண்டு வோல்ட் அடாப்டரிலிருந்து ஏற்றுவது பத்திரம். நம் ஊர்த் தண்ணீர்க் குழாயில் இது நடப்பதைக் கேட்டிருப்பீர்கள். வேகமாக ஓடுகிற தண்ணீரைப் பட்டென்று மூடினால் குழாய் ‘டங்’ என்று இடிக்கும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரால் சட்டென்று நிற்க முடியாது, அந்த வேகம் அழுத்தமாக மாறும். மின்சாரத்தில் அந்தக் குழாய் ஒரு காயில். நூறு மைக்ரோ ஹென்றி காயிலில் கரண்டை ஓடவிட்டு, ஒரு மாஸ்ஃபெட்டால் படக்கென்று மூடினால், பன்னிரண்டு வோல்ட் இருந்த இடத்தில் சில நூறு வோல்ட் எகிறும். அதை ஒரு டயோடு வழியாகக் கெப்பாசிட்டரில் பிடித்து வைக்க வேண்டும். செகண்டுக்கு முப்பதாயிரம் தடவை இப்படி மூடித் திறக்க, நம் பழைய தோழன் 555 போதும்.

இங்கே டயோடு பற்றி ஒரு வார்த்தை. கடையில் எதற்கெடுத்தாலும் 4007 கொடுப்பார்கள். ஐம்பது சைக்கிளுக்கு அது தங்கம். முப்பதாயிரத்துக்கு அது தூங்குமூஞ்சி. திறந்த கதவை மூடுவதற்குள் ஏற்றிய கரண்டில் பாதி திரும்பி வந்துவிடும். அதே அளவில் யு.எஃப். 4007 என்று வேகமான ஜாதி இருக்கிறது, நூறு நானோ செகண்டுக்குள் மூடிவிடும். வித்தியாசத்தைக் கையால் தெரிந்துகொள்ள இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சாதா 4007 இரண்டு நிமிடத்தில் தொட முடியாத சூடு. வேகமானது வெதுவெதுப்பு. சப்ளையை அணைத்த பிறகு சூடு பார்த்தேன், கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட்டு. அணைத்த பிறகும் அதில் 180 வோல்ட் உட்கார்ந்திருக்கும். “இடது கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ, அப்புறம் தொடு” என்பது சாரின் பாடம். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். இன்றைக்கும் என் இடது கை தானாகவே பின்னால் போய்விடும். கோயிலில் கூட.

அடுத்து மின்தடை. இது இல்லாமல் நிக்ஸியை எரிக்கவே கூடாது. நியான் பற்றிக்கொள்ள 170 வோல்ட் கேட்கும். பற்றிக்கொண்ட பிறகு 140 போதும் என்று சொல்லிவிட்டு, கொடுக்கிற கரண்டையெல்லாம் குடிக்கும். எனவே மீதி 40 வோல்ட்டை வழியில் ஒரு மின்தடை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் இருபது கிலோ ஓம். கடையில் கிடைப்பது 22. அதைப் போட்டால் 1.8 மில்லி ஆம்பியர், எண் முழுசாக எரிகிறது, அதுவே போதும். கூட்டினால் வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும்.

எண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு குழாய்க்குப் பத்து டிரான்சிஸ்டர் போடலாம். 300 வோல்ட் தாங்குகிற எம்.பி.எஸ்.ஏ.42 மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் சாரின் பெட்டியில் இருப்பது 74141. அதன் ரஷ்ய நகலையும் வாங்கி வைத்து ஆராய்ந்தேன். எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். இந்த ஐ.சி. தாங்குவது அறுபது வோல்ட் சுமார்தான். 180 வோல்ட் குழாயை அது எப்படி ஓட்டுகிறது, ஏன் வெடிக்கவில்லை? மீட்டரை வைத்துப் பார்த்தபோது விளங்கியது. எரிகிற எண் பூஜ்யத்தில் இருக்கிறது. எரியாத எண்கள் தானாகவே அறுபது பக்கம் மிதந்து நிற்கின்றன. ஆனோடில் 140. அப்படியானால் எரியாத எண்ணுக்கும் ஆனோடுக்கும் நடுவில் 80 வோல்ட்தான், அந்த 80க்கு நியான் அசையாது. முழு 180ஐயும் தடுக்க வேண்டாம், எரியவிடாமல் தடுத்தால் போதும். என்ன அழகான சாமர்த்தியம்! இதைச் செய்தவர் யாரோ, அவர் காலில் விழலாம்.

ஆறு குழாயையும் ஒரே ஐ.சி.யால் மாற்றி மாற்றி ஓட்டுகிற முறையும் உண்டு. செய்து பார்த்தேன். ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது நடுவில் கொஞ்சம் இருட்டு இடைவெளி விடாவிட்டால் முந்தைய எண்ணின் ஆவி அடுத்த குழாயில் லேசாகத் தெரிகிறது. வாயு உடனே அடங்காது என்பதால். இடைவெளி விட்டால் சரியாகிறது. ஆனாலும் குழாய்க்கு ஒரு ஐ.சி. என்று சார் வைத்ததுதான் எனக்குப் பிடித்தது. குழாய் நிதானமாக எரிகிறது.

இன்னொரு விசித்திரத்தையும் அந்த மாதங்களில்தான் பார்த்தேன். வெளிச்சத்தில் சுவிட்ச் போட்டால் உடனே பற்றுகிற குழாய், கும்மிருட்டில் சில சமயம் தயங்குகிறது. நியான் பற்ற முதல் பொறியாக ஒன்றிரண்டு எலக்ட்ரானாவது உள்ளே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அந்தத் தகடுகள் தாமாகவே கொஞ்சம் விடும். இருட்டில் அது இல்லை. டார்ச் அடித்தால் சட்டென்று பற்றுகிறது. விளக்கை ஏற்ற விளக்கு வேண்டும்.

தைரியம் வந்தபிறகு சாரின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சிலந்தி, நிறையத் தூசி, என் ராவலின் கோணல் விளிம்புகள். முதலில் ஐ.சி. கார்டுகளைக் கழற்றித் தனியே வைத்தேன். பல வருடம் சும்மா இருந்த கெப்பாசிட்டருக்கு ஒரேயடியாக முழு வோல்ட்டேஜ் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கிற ஆக்சைடு படலம் தளர்ந்திருக்கும். டிம்மர்ஸ்டாட்டில் நாற்பது வோல்ட்டில் ஆரம்பித்து, சீரிஸ் பல்ப் ஒன்று போட்டு, ஒரு முழு நாள் எடுத்து 230க்கு ஏற்றினேன். ஐந்து வோல்ட் பக்கக் கெப்பாசிட்டர் வீங்கியிருந்தது, மாற்றினேன். 180 வோல்ட் பக்கம் எழுந்து உட்கார்ந்தது. 7490 ஒன்று செத்திருந்தது. கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, சுவிட்ச் தட்டினேன்.

000500.

கிரிஸ்டலைப் புதுக் கவுண்டர் ஒன்றால் சரிபார்த்தேன். பத்து லட்சத்துக்குப் பதினொன்றுதான் விலகியிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆனால் ஆசிலேட்டரிலிருந்து வேறு சிக்னல் கொடுத்துப் பார்த்தபோது தான் விஷயம் தெரிந்தது. 731 ஆயிரம் என்று காட்ட வேண்டிய இடத்தில் ஏழுக்குக் கால் இல்லை, மூன்றுக்கு மேல்பாதி மட்டும், ஒன்று வெறும் புள்ளி. வலது பக்கக் குழாய்கள் நன்றாக இருந்தன. இடது பக்கம் மூன்றும் இப்படி. நாலாவதில் நாலும் ஐந்தும் மட்டும் பளிச்.

காரணம் யோசிக்கவே வேண்டியதில்லை. மஞ்சப்பையில் இருந்தது. பதினொரு நோட்டு நிறைய 000485, 000491, 000488. இடது மூன்று குழாய்களும் ஆண்டுக்கணக்கில் சைபரை மட்டுமே காட்டியிருக்கின்றன. எரிகிற எண்ணிலிருந்து உலோகம் துளித் துளியாகத் தெறித்து, எரியாத எண்கள் மேல் படியும். படிந்த இடம் ஒளிராது. கேத்தோடு விஷமேறியது என்பார்கள் இதை. சார் பார்த்த கரண்ட் ஐம்பதைத் தாண்டி எங்கும் போகாததால் வந்த நோய்.

மருந்தும் அதே கரண்ட்தான். விஷமேறிய எண்ணை மட்டும் எரியவிட்டு, வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் கொடுத்தால், அதன் மேல் படிந்தது தெறித்துப் போய்விடும். ரொம்பக் கொடுத்தால் எண்ணே தேய்ந்து போகும். முதலில் ரஷ்யக் குழாய் ஒன்றில் அரைகுறையாக எரிந்த எட்டில் செய்து பார்த்தேன், இரண்டு சாயங்காலத்தில் முழுசாகிவிட்டது. அப்புறம் சாரின் பெட்டியில் குழாய்க்குப் போகிற மின்தடையின் குறுக்கே அளந்தேன்: 33 கிலோ ஓம், 46 வோல்ட். அதாவது 1.4 மில்லி ஆம்பியர். அவர் குறைவாகவே வைத்திருக்கிறார், அதனால்தான் குழாய்கள் இத்தனை காலம் இருந்தன. என் மேசையில் 15 கிலோ ஓம் போட்டு மூன்று மில்லி ஆம்பியருக்கு ஏற்றினேன். இரண்டு மடங்கு. அதற்கு மேல் போக மனம் வரவில்லை.

மதுரை நண்பர் மறுபடியும் போனில். “ஏம்ப்பா, நீயும் வீட்டுக் கரண்டைத்தானே பாக்கப் போறே? முன்னாடி மூணும் சைபர்தான் காட்டப் போகுது. அதுக்கு எதுக்கு இவ்வளவு வைத்தியம்? குழாய் போயிட்டா சைபரும் போயிடுமே.”

நியாயமான கேள்விதான். இரண்டு நாள் யோசித்தேன். ஏழு காட்டத் தெரியாத கவுண்டர் கவுண்டர் இல்லை, அது சைபர் எரிகிற விளக்கு. சார் செய்தது கவுண்டர். அதை நண்பரிடம் சொன்னேன். “வாத்தியார் வீட்டு ஆளு” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று குழாய், குழாய்க்கு ஒன்பது எண், இருபத்தேழு. நாலாவது குழாயின் எட்டு எண்களையும் சேர்த்தால் முப்பத்தைந்து. தினமும் சாயங்காலம் ஒன்றை எரியவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகிற ரகம் அல்ல இது. சில எண்கள் ஒரு மணி நேரத்தில் தெளிந்தன. ஒன்று என்ற எண் எல்லாவற்றிலும் சீக்கிரம். மூன்று வருத்தியது. இடமிருந்து இரண்டாவது குழாயின் மூன்றுக்கு நாலு சாயங்காலம். இருட்டாக இருந்த வளைவில் ஓர் ஓரத்திலிருந்து ஒளி எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து வரும், அரை மணிக்கு ஒரு நெல் அளவு. காத்திருந்த நேரத்தில் நோட்டுகளைப் படித்தேன். ‘48.3. கரண்டு போகும் என்கிறார்’ என்று ஒரு நாள். அடுத்த வரி ‘போய்விட்டது’. ஒரு பக்கத்தில் எண்ணே இல்லை, குறிப்பில் மட்டும் ‘அவர் ஊரில் இல்லை, நானே பார்த்தேன், எழுத மறந்தேன்’ என்று இருந்தது. ஒன்றரை சைக்கிள் குறைந்தால் கரண்டை நம்பி ஓடும் கடிகாரம் மணிக்கு ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு செகண்டு பின்தங்கும் என்று ஒரு ஓரத்தில் சாரின் கிறுக்கலில் கணக்கு. அவர் கையெழுத்து மொத்த நோட்டிலும் அந்த ஓர் இடத்தில்தான்.

முப்பத்து நான்கு எண்கள் முழுசாகத் தேறின. இடது கோடிக் குழாயின் ஆறு மட்டும் வயிற்றின் கீழே ஒரு மயிரிழை இருட்டை வைத்துக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் அதை நான் வற்புறுத்தவில்லை.

இப்போது கவுண்டர் என் மேசையில் ஓடுகிறது. காட்டுவது 500, சில சமயம் 499, 501. எண்ணும் கருவிக்கே கடைசி இலக்கத்தில் ஒன்று முன்னே பின்னே ஆகும், அதைக் கழித்துப் பார்த்தால் அசையாத ஐம்பது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லா ஜெனரேட்டர்களும் இப்போது ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. அனுமதித்த எல்லையே 49.90க்கும் 50.05க்கும் நடுவில்தான். சாரின் கவுண்டருக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிபடாது, அவ்வளவு சின்னது. பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா தெரியவில்லை. சாருக்கு இது தெரிந்தால் கண்டிப்பாகக் கொஞ்சம் ஏமாந்திருப்பார்.

வாரத்துக்கு ஒரு நாள் கரண்டைக் கழற்றிவிட்டு ஆசிலேட்டரைச் சொருகி, ஒரு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் வரை குமிழைத் திருப்புகிறேன். எல்லாக் குழாய்க்கும் எல்லா எண்ணும் ஒரு பத்து நிமிடம் எரியும். மறுபடி விஷமேறாமல் இருக்க இதுதான் வழி. பேத்திக்கு அந்தப் பத்து நிமிடம்தான் பிடிக்கும், ‘தாத்தா, நம்பர் ஓடவிடு’ என்பாள். மற்ற நாளில் ஓடுகிற ஐம்பதை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெங்களூரிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார்கள். முட்டிவலி, மருமகன் ஆபீஸ், அந்த ஊர்ப் பால் சரியில்லை, எல்லாம் முடிந்த பிறகு கேட்பார்கள்.

“எவ்வளவு தம்பி காட்டுது?”

“ஐம்பதும்மா.”

“மணி?”

“ஆறரை.”

பன்னிரண்டாவது நோட்டு பெங்களூரில் இருக்கிறது.